ஃபிரெஞ்சு டேஸ்டிங் மெனு: வடசென்னையிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

பெரிய ஃபிரெஞ்சு உணவகத்துக்கு முதல்முறை போகிறவர், முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று ஒரு வாரம் கவலைப்படுவார். முட்டை சாப்பிட மாட்டேன் என்பதை மட்டும் முன்பதிவின்போது சொல்ல மறந்துவிடுவார். முள்கரண்டியைத் தப்பாகப் பிடித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. முட்டை அப்படியில்லை. மூன்று நான்கு தட்டிலாவது அது இருக்கும், அன்றைக்குச் சாயங்காலம் அதை மாற்றுவதற்கு அடுப்படியில் வழி இருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி, மேஜையில் உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

என்ன சாப்பிடப் போகிறோம்

வழக்கமான ஓட்டலில் நாம் கேட்பதை அவர்கள் சமைப்பார்கள். டேஸ்டிங் மெனுவில் அவர்கள் சமைப்பதை, அவர்கள் வைத்த வரிசையில், அவர்கள் கொண்டுவரும் நேரத்தில் நாம் சாப்பிட வேண்டும். ஃபிரெஞ்சில் இதற்கு ‘மெனு தெகுஸ்தாசியோன்’ என்று பெயர். ஐந்து தட்டு, ஏழு தட்டு, ஒன்பது தட்டு, அதற்கு மேலும் உண்டு. ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாய்தான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஒரு மேஜையில் இருக்கும் எல்லோரும் ஒரே மெனுவைத்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்கு ஐந்து என்றால் அடுப்படியில் நேரக்கணக்கு உதைக்கும்.

எல்லாவற்றையும் மேஜையில் ஒன்றாகப் பரப்பிச் சாப்பிடுவதுதான் ஃபிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது, ஏறக்குறைய நம் இலைச் சாப்பாடு மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவது 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வழக்கத்திலிருந்து வந்தது. இன்றும் அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்றுதான் பெயர். தட்டில் அளவு சிறுத்ததும் சாஸ் இளகியதும் இன்னும் பிந்தைய கதை. 1973-ல் கோ, மியோ என்ற இரண்டு உணவு விமர்சகர்கள் ‘நுவெல் க்யுசீன்’, அதாவது ‘புதிய சமையல்’, என்ற பெயரில் பத்துக் கட்டளை எழுதினார்கள். ரொம்ப வேகவைக்காதே, மாவு கரைத்த கனமான சாஸை விடு, புதிதாக ஏதாவது கண்டுபிடி என்ற ரகம். ‘இவ்வளவு பெரிய தட்டில் இத்துனூண்டா’ என்று நாம் அலுத்துக்கொள்வதெல்லாம் அந்த வழி வந்ததுதான்.

வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் ‘அம்யூஸ் பூஷ்’, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் சின்னப் பண்டம். இது மெனு எண்ணிக்கையில் சேராது. பிறகு ஆறின வகை ஒன்று, காய்கறி அல்லது முட்டைத் தட்டு ஒன்று, மீன், பிறகு வாத்து, ஆடு மாதிரி ஒரு கறி. அதற்கு மேல் பாலாடைக்கட்டி, நாக்கைக் கழுவிவிட ஒரு சின்ன இனிப்பு, பெரிய இனிப்பு, கடைசியில் காபியோடு வரும் ‘மினியார்டீஸ்’ என்ற குட்டி மிட்டாய் வகைகள். மெனு அட்டையில் ‘ஆந்த்ரே’ என்று இருந்தால் ஃபிரெஞ்சு வழக்கில் அது ஆரம்பத் தட்டு. அமெரிக்க வழக்கில் அதே சொல் முக்கியத் தட்டைக் குறிக்கும். இதில் பலர் குழம்புவார்கள்.

போனில் சொல்ல வேண்டியது

குறைந்தது நான்கைந்து நாள் முன்னால் கூப்பிடுங்கள், சனிக்கிழமை என்றால் இரண்டு வாரம். ஆன்லைனில் பதிவு செய்தாலும் கட்டாயம் ஒருமுறை போனிலும் பேசுங்கள். ஆன்லைன் படிவத்தில் ‘வெஜ்’ என்று ஒரு கட்டம்தான் இருக்கும், நம் சைவம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

எதற்கு இத்தனை நாள் முன்னால்? சாஸின் அடிப்படை ‘ஸ்டாக்’ எனப்படும் எலும்புச் சாறு. கன்று, கோழி எலும்புகளை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சுண்டவைத்து ஒருநாள் இரண்டுநாள் முன்பே எடுத்து வைத்துவிடுவார்கள். அது ஐந்தாறு தட்டுக்குள் போகும். எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து ‘நான் சைவம்’ என்று சொன்னால் அடுப்படியால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: மீனையும் கறியையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் அலங்காரத்தை அனுப்புவது. அதற்கும் முழு விலைதான்.

‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஃபிரெஞ்சுச் சமையலில் சைவம் என்றால் முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. முட்டை வேண்டாம் என்றால் முட்டை வேண்டாம் என்றே சொல்லுங்கள். கெட்டியாக நிற்கும் ஜெல்லி, மூஸ் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டு அல்லது பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அதற்குப் பதில் அகர் அகர் போடச் சொல்லலாம். ரம்ஜான் மாதத்தில் மண்ணடி வீடுகளில் செய்கிற கடல்பாசியேதான் அது, செஃப்புக்கும் பழக்கமான பொருள். கொம்த்தே, ரோக்ஃபோர் போன்ற பழைய ஃபிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிப்பது கன்றுக்குட்டி போன்ற இளம் மிருகங்களின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட். கறாரான சைவக்காரர்கள் இதையும் கேட்டுவிட வேண்டும்.

ஹலால் பார்க்கிறவர்கள் ‘கோழி ஹலாலா?’ என்று கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். ஹலால் கோழியையே வாங்கினாலும், அதை வறுத்த சட்டியில் ஒயின் ஊற்றிச் சுரண்டித்தான் சாஸ் எடுப்பார்கள். ‘கொதித்ததும் ஆவியாகிவிடும்’ என்று சொல்வது பாதி உண்மைதான். அரை மணி நேரம் கொதித்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு ஆல்கஹால் தங்கும், மேலே ஊற்றிக் கொளுத்திக் காட்டுகிற வகையில் முக்கால்வாசி தங்கிவிடும். நடுவில் நாக்கைக் கழுவ வரும் சர்பத் ஐஸிலும் சில இடங்களில் பிராந்தி ஊற்றுவார்கள். கேக்கில் சேரும் வெனிலா எசன்ஸ் வரை ஆல்கஹால் உண்டு. ‘சமையலிலும் இனிப்பிலும் மது, ஜெலட்டின் இரண்டும் கூடாது’ என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுவது நல்லது.

சவுகார்பேட்டை ஜைனக் குடும்பங்களுக்கு இன்னும் கஷ்டம். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவதுதான் ஃபிரெஞ்சுச் சாஸுக்கு ஆரம்பம், நமக்குத் தாளிப்பு மாதிரி. அதில் இரண்டு மண்ணுக்கடியில் விளைவது. வேர்க்காய் இல்லாத டேஸ்டிங் மெனு முடியும், ஆனால் அதைத் தனியாக யோசித்துத்தான் போட வேண்டும். ஒரு வாரம் முன்னால் சொல்லி, ‘முடியுமா முடியாதா’ என்று நேராகக் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கறி சாப்பிடுகிறவர்களும் ஒன்றைக் கேட்க வேண்டும். நம் ஊர் மெனுக்களில் மிருகத்தின் பெயரே இல்லாமல் ‘டெண்டர்லாயின்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் எருமை அல்லது மாட்டுக்கறி. ‘ஃபுவா க்ரா’ எனப்படும் கொழுத்த வாத்து ஈரலைத் தேடாதீர்கள். 2014-லேயே இந்தியா அதன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. கர்ப்பிணிகள் பச்சைச் சிப்பி, அரைவேக்காட்டுக் கறி, பாஸ்சரைஸ் செய்யாத பாலாடைக்கட்டி மூன்றையும் முன்கூட்டியே விலக்கிவிட வேண்டும்.

போனில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பதில்லை. தமிழில் இவ்வளவு போதும்:

“வணக்கம்ங்க. சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு பேருக்கு டேபிள் வேணும், ஏழு கோர்ஸ் மெனு. ஒருத்தர் சைவம், முட்டை கிடையாது. ஸ்டாக், ஜெலட்டின், ஒயின் எதுவும் சேர்க்கக் கூடாது. இன்னொருத்தருக்கு இறால், நண்டு அலர்ஜி. இதை செஃப்கிட்ட கேட்டுட்டு வாட்ஸ்அப்ல உறுதிப்படுத்துறீங்களா?”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். போன் எடுத்தவர் வேறு, அன்றிரவு பரிமாறுகிறவர் வேறு. எழுத்தில் இருந்தால்தான் பேச்சு மாறாது. அதே போனில் இன்னும் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள்: விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, முன்பணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்னால் ரத்து செய்தால் பணம் திரும்பும், டேஸ்டிங் மெனுவுக்குக் கடைசியாக எத்தனை மணிக்குள் உட்கார வேண்டும். அலர்ஜியும் ‘பிடிக்காது’ என்பதும் ஒன்றில்லை. கத்தரிக்காய் பிடிக்காததை அலர்ஜி என்று சொன்னால் உங்கள் ஒரு தட்டுக்காகப் பலகை, கத்தி எல்லாவற்றையும் கழுவித் தனியாகச் சமைப்பார்கள். அப்புறம் பக்கத்து இலையிலிருந்து எடுத்து ருசி பார்த்தால் அசிங்கம்.

நேரமும் வழியும்

இந்த மாதிரி இடங்கள் பெரும்பாலும் கூவம் ஆற்றுக்குத் தெற்கே, தேனாம்பேட்டை, கிண்டிப் பக்கத்து நட்சத்திர ஓட்டல்களில் இருக்கும். வெளிநாட்டு செஃப் வந்து இரண்டு மூன்று நாள் மட்டும் சமைக்கிற ‘பாப்-அப்’ விருந்துகளும் அங்கேதான். புதுச்சேரி 1954 வரை ஃபிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர், அதனால் இதெல்லாம் அங்கே மலிந்து கிடக்கும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது பிஸ்ட்ரோ எனப்படும் சின்ன, சாதாரண உணவக ரக வீட்டுச் சமையல். அது நல்ல சாப்பாடு, ஆனால் இந்த ரகம் இல்லை. பல தட்டு மெனு என்ற முறை எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்க நினைத்தால் கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கும் ‘அவர்தனா’ தென்னிந்தியச் சுவைகளையே அப்படித் தருகிறது. ரசம் தெரிந்த நாக்கு அங்கே தடுமாறாது.

ஏழு தட்டுக்கு இரண்டரை மணி நேரம், பத்துக்கு மேல் என்றால் மூன்றரை, நான்கு. இடையில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது சாதாரணம், தாமதம் என்று கோபப்பட வேண்டாம். இப்போது கணக்குப் போடுங்கள். மெட்ரோ 11 மணியோடு முடிகிறது. எட்டரைக்கு உட்கார்ந்தால் இனிப்பு வரும்போது கடைசி ரயில் போயிருக்கும். அதனால் 7 மணிக்கே பதிவு செய்யுங்கள், அல்லது மதியச் சாப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். மதியம் தட்டுகள் குறைவு, விலையும் குறையும்.

திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு நீல வழித்தடம் நேராகத் தேனாம்பேட்டை, கிண்டி வரை போகிறது, மாற வேண்டியதில்லை. திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்டேஷனுக்கு நடை, அங்கிருந்து ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். பைக்கில் போவதை விட்டுவிடுங்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் தூசியும் புகையும் வாங்கிக்கொண்டு போனால் இஸ்திரி போட்ட சட்டைக்கு அர்த்தமில்லை. துறைமுகத்துக்கு வண்டி தேங்குகிற நாளில் காரும் நகராது. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள். உங்கள் மேஜைக்கு ஒவ்வொரு தட்டும் எப்போது என்று அடுப்படியில் எழுதி வைத்திருப்பார்கள், தாமதமானால் ஒரு தட்டை வெட்டவும் செய்வார்கள்.

உடை பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. காலர் வைத்த சட்டை, பேன்ட், மூடிய ஷூ. புடவை, சல்வார் எதுவும் சரி. ரப்பர் செருப்பு, அரைக்கால் டிரவுசர் வேண்டாம். வேட்டி கட்டிப் போக ஆசையென்றால் கட்டிக்கொள்ளுங்கள். வேட்டியைக் காரணம் காட்டி நுழைவை மறுக்கக் கூடாது என்று 2014-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. கனமான அத்தரையும் சென்ட்டையும் மட்டும் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது. அதே காரணத்துக்காகப் போகும் வழியில் பாக்கு, பான் பராக், சிகரெட் வேண்டாம்.

பட்டினி கிடந்து போகாதீர்கள். மதியம் வழக்கத்தில் பாதி, நாலு மணிக்கு இரண்டு இட்லி. வெறும் வயிற்றோடு போனால் முதலில் வரும் ரொட்டியையும் வெண்ணெயையும் தின்றே நிரப்பிக்கொள்வோம். ஐந்தாவது தட்டில் மூச்சு முட்டும். எல்லாத் தட்டையும் சேர்த்தால் சாப்பாடு அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அதில் வெண்ணெயும் க்ரீமும் அதிகம். பால் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

மேஜையில்

உட்கார்ந்ததும் நாப்கினை மடியில் விரியுங்கள். நடுவில் எழுந்து போனால் நாற்காலியில் வையுங்கள். எழுவதானால் ஒரு தட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள். தட்டு வந்த பிறகு எழுந்தால் சில இடங்களில் அதை உள்ளே கொண்டுபோய்ப் புதிதாகப் போட்டு வருவார்கள், மேஜையில் எல்லோருக்கும் தாமதம். இடது பக்கச் சின்னத் தட்டு உங்கள் ரொட்டிக்கு, வலது பக்கக் கண்ணாடிக் குவளைகள் உங்களுக்கு. வட்ட மேஜையில் ஒருவர் மாற்றி எடுத்தால் சுற்றிலும் எல்லோருக்கும் மாறிவிடும். ரொட்டியைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிய்த்து, பிய்த்த துண்டுக்கு மட்டும் வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள்.

கரண்டிகள் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசை. பல இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதால் அந்தக் குழப்பமும் இல்லை. சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து இணையாக வையுங்கள், எடுத்துப் போவார்கள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். கரண்டியே வைக்கவில்லை என்றால் கையால் சாப்பிடுகிற பண்டம். கூழாங்கல், பாசி, மரப்பட்டை மேல் வைத்து வருவதில் தின்பது எது, அலங்காரம் எது என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம், அவர்களே அந்தக் கேள்விக்காகத்தான் நிற்கிறார்கள். தட்டையாக, ஓரத்தில் ஒரு வெட்டு வைத்த ஸ்பூன் வந்தால் அது சாஸை வழித்துச் சாப்பிட.

வீட்டில் மூன்று நாள் பழகினால் கை வந்துவிடும். ஆம்லெட்டை இடது கை முள்கரண்டி, வலது கைக் கத்தியால் சாப்பிடுங்கள். தோசையை அப்படிச் சாப்பிடுவது பாவம்தான், ஆனால் நல்ல பயிற்சி. வறுத்த சங்கரா மீன் ஒன்றை எடுத்து, மேல் சதையை முதுகெலும்போடு ஒட்டி நீளவாக்கில் கீறி, இரண்டு பக்கமும் ஒதுக்கி, எலும்பைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அடிச்சதையைச் சாப்பிடப் பழகுங்கள். மீனைத் திருப்பிப் போட வேண்டாம். வாயில் முள் வந்தால் விரலால் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

உண்மையில் நமக்குத் தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். கூட்டு தனி, பொரியல் தனி, அப்பளம் தனி என்று சாப்பிட்டுப் பழகியவர், தட்டில் இருப்பதையும் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவார். ஒரு துண்டு மீன், பிறகு ஒரு வாய் மசித்த காய்கறிக் கூழ், கடைசியில் சாஸ். மீன் சப்பென்று இருக்கும், சாஸ் புளிக்கும், ‘உப்பே இல்லை’ என்று தோன்றும். அந்த மீன் தனியாகச் சாப்பிடச் செய்ததே இல்லை. நாம் சோறும் குழம்பும் விரலில் பிசைந்து ஒரு கவளமாக்குகிறோம் அல்லவா, அந்தப் பிசையலை இங்கே முள்கரண்டியில் செய்ய வேண்டும். அடியில் இருக்கும் கூழில் கொஞ்சம், மீனில் ஒரு துண்டு, மேலே இருக்கும் மொறுமொறு ஒரு பொட்டு, சாஸில் ஒரு துடைப்பு, எல்லாம் ஒரே வாயில். முதல் வாயிலேயே தட்டின் அடிவரை கரண்டி இறங்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தால் பாதிப் பேருடைய ‘ருசியே இல்லை’ என்ற குறை போய்விடும்.

மிச்சப் பாதிக்குக் காரணம் மிளகாய். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பண்டங்களான அத்தோவும் பேஜோவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு, காரம் வராதவரை சாப்பாடு தொடங்கவில்லை என்றே நினைக்கும். இங்கே அந்த வேலையைப் புளிப்பும் வெண்ணெயும் வறுத்த வாசனையும் செய்கின்றன. மூன்றாவது தட்டு வரை பொறுங்கள், நாக்கு இறங்கி வரும். சில்லி சாஸ் கேட்காதீர்கள். உப்பு குறைந்தால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகு தாராளமாகக் கேளுங்கள்.

வேகவில்லையோ என்று தோன்றும் தட்டுகள்

முட்டை ஒன்று வரும், வெள்ளை தளதளவென்று, பாதி உறைந்தும் உறையாமலும். தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். முட்டையை 63, 64 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் போல வைத்து எடுப்பார்கள். அந்தச் சூட்டில் மஞ்சள் கரு தேன் மாதிரி கெட்டிப்படும். வெள்ளையில் இருக்கும் முக்கியப் புரதத்துக்கு 80 டிகிரி வந்தால்தான் உறைச்சல். அதனால் நம் அவித்த முட்டைக்கு நேர்மாறு. பச்சையில்லை, அப்படியேதான் செய்ய நினைத்தார்கள்.

மீனும் அப்படித்தான். நம் குழம்பில் மீன் கொதிநிலையில் வேகிறது, இங்கே நடுவில் 45 முதல் 50 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள். நடுப்பகுதி கண்ணாடி மாதிரி மினுங்கும், சதை இதழ் இதழாகப் பிரியும். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற குடும்பத்து ஆளுக்கு இதில் ஒரு பலம் உண்டு: இப்படி வெந்தும் வேகாமலும் இருக்கிற மீனில் பழசு ஒளிய முடியாது, நீங்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். கவிச்சி அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். வாத்து நெஞ்சுக்கறி உள்ளே ரோஜா நிறத்தில் வரும். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தமில்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்புரதம் கலந்த நீர். அந்த நிறமே ஒத்துக்கொள்ளாது என்றால் ஆர்டர் எடுக்கும்போதே ‘பியாங் க்யுயி’, நன்றாக வேகட்டும் என்று சொல்லிவிடலாம். செஃப் முகம் சுளிக்கலாம், சாப்பிடப்போவது நீங்கள்தானே.

நுரை நுரையாக மேலே வருவது பெரும்பாலும் சைஃபன் குடுவையில் வாயு அடைத்துப் பீய்ச்சியது. கொஞ்ச நேரத்தில் அமர்ந்துவிடும். அதனால் போட்டோ என்றால் ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல், எடுத்ததும் சாப்பிடுங்கள். நாலு கோணத்தில் எடுத்து முடித்தவர் சாப்பிடுவது ஆறிப்போன சோப்பு நுரை.

குடிப்பது

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று ஜோடி சேர்த்துத் தருவதை ‘பேரிங்’ என்பார்கள். ஒரு குவளைக்கு 75 மில்லி என்றாலும் ஆறு சேர்ந்தால் 450, அரை பாட்டிலைத் தாண்டுகிறது. பழக்கமில்லாதவருக்கு ஐந்தாவது தட்டில் ருசியே தெரியாது. பாதிப் பேரிங் கேட்கலாம், மது இல்லாத பேரிங்கும் பல இடங்களில் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிறைந்தவருக்குத்தான் மது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம், முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பாட்டில் வாங்கினால் முதலில் ஒரு வாய் ஊற்றிக் காட்டுவார்கள். அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கில்லை, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கெட்டது.

உட்கார்ந்ததும் ‘ஷாம்பெயின் எடுத்துக்கிறீங்களா சார்?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அது இலவசமில்லை. தண்ணீரும் அப்படியே: ‘ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா’ என்று கேட்டால் இரண்டுமே காசு போட்ட பாட்டில். ‘சாதாத் தண்ணி போதும்’ என்பது மூன்றாவது பதில், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பில்

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ இருந்தால் மேலே இன்னும் ஏறும் என்று அர்த்தம். உதாரணத்துக்கு ஒருவருக்கு 6,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டு பேருக்கு 12,000, தண்ணீர் பாட்டில் 600, மொத்தம் 12,600. ஒருநாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 14,868 ஆகிறது. ஓட்டலோடு சேராத தனி உணவகம் என்றால் 5 சதவீதம்தான், 13,230. அதே சாப்பாட்டுக்கு வரியில் மட்டும் 1,638 ரூபாய் வித்தியாசம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில வரியோடு தனி பில்லாக வரும்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். பத்து சதவீதம் போட்டால் 1,260 சேர்ந்து 13,860. அந்தச் சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து 18 சதவீத வரி ஏறி மொத்தம் 16,354 ரூபாய் 80 பைசா. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி உணவகம் தானாகவே இதைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ‘இதை எடுத்துடுங்க’ என்று பில் கொண்டுவந்தவரிடம் அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் கையில் தனியாகக் கொடுங்கள், 5 முதல் 10 சதவீதம் தாராளம். ஃபிரான்சுக்கே போய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மெனு விலையிலேயே வரியும் சேவையும் அடக்கம், குழாய்த் தண்ணீர் ஜாடியும் இலவசம்.

பரிமாறுகிறவரைக் கூப்பிடக் கை தட்ட வேண்டாம், சொடுக்கு போட வேண்டாம். கண்ணைப் பார்த்து லேசாகக் கையைத் தூக்கினால் வந்துவிடுவார். ‘தம்பி’ என்று கூப்பிடலாமா என்றால், மெதுவாகக் கூப்பிட்டால் தாராளமாக. பெரும்பாலும் கேட்டரிங் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள்தான், தமிழில் கேட்டால் தட்டைப் பற்றி மனப்பாடமாக ஒப்பித்ததைவிடத் தெளிவாகவே சொல்வார்கள்.

மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்லாதீர்கள். சாஸ் பிரிந்து, நுரை கரைந்து, அரைவேக்காட்டு மீன் முக்கால் மணி நேர மெட்ரோ பயணத்தில் கெட்டே போகும். ஆனால் காபியோடு வந்த மினியார்டீஸ் வயிற்றில் இடமில்லாமல் தங்கிவிட்டால் கேளுங்கள், அதைச் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. சாக்லெட் வகைகளை அங்கேயே தின்றுவிட்டு, பழ ஜெல்லி, பாதாம் பிஸ்கட் மாதிரி உருகாததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் ராத்திரி பத்தரைக்கும் சாக்லெட் தாங்காது.